காப்பு மஞ்சள் எங்கே?

எங்கள் வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறதென்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இதை ஒரு பெருமையாக நினைத்துக்கொண்டு கல்யாணமான நாளிலிருந்து திரிந்தேன் என்றால், என் புத்தி எந்த மட்டம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உப்புப் பானைக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "கண்ணாத்தா, உப்பு எங்கே?" என்று கூப்பிடுவார் என் வீட்டுக்காரர் அப்புசாமி. "உங்க மூக்குக்கு முன்னால" என்று நான் மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து பதில் கொடுப்பேன். அவர் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார்.

கெட்ட மனுஷர் இல்லை. கிணற்று மேட்டில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தாரென்றால் அவர் பாட்டுக்குத் தகுந்தபடி மாடுகள் நடையை மாற்றும். மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, இந்த மழைக்கு இந்தக் காட்டில் கம்பு போடலாமா சோளம் போடலாமா என்று சொல்லிவிடுவார். வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட்டால் மட்டும் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்.

"அது இருக்குமில்ல?"

என் பாதி ஆயுசு இந்தக் கேள்விக்குள் போயிருக்கிறது. "நாளைக்குத் தலைக்குத் தண்ணி வாத்துக்கோணும், அரப்பு இருக்குமில்ல?" என்றால், நான் முந்தாநாளே இலை பறித்துக் காயவைத்து இடித்திருக்க வேண்டும். "ஒரம்பரை ரண்டு பேரு வாராங்க, சோறு இருக்குமில்ல?" என்றால், அந்த ரண்டு பேர் அஞ்சு பேராக வருவார்கள் என்பதையும் சேர்த்து நான் உலை வைத்திருக்க வேண்டும். சாமான்களெல்லாம் பானைக்குள் அதும்பாட்டுக்கு முளைத்து வருகின்றன என்பது அவருடைய எண்ணம். நானும் அதைக் கெடுக்கவில்லை. அவர் கேட்பதற்கு முன்னாலேயே கொண்டுபோய் நீட்டி நீட்டி, என் கையாலேயே தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்.

இதில் பெரியது காப்பு மஞ்சள். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள கம்பம் நடுவார்கள். அந்தக் கம்பத்துக்கு முதல் காப்பு எங்கள் வீட்டு மஞ்சளில்தான் கட்ட வேண்டும். மாமனாருடைய அப்பன் காலத்திலிருந்து வரும் முறை. கடை மஞ்சள் ஆகாது. மஞ்சள் வேகவைத்துக் காய்ந்ததும் நல்ல விரலியாக ஒரு பிடி பொறுக்கி நான் எடுத்து வைப்பேன். நோம்பி தொடங்குகிற பூச்சாட்டன்று அவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு, "மஞ்சள் இருக்குமில்ல?" என்பார். எடுத்துக் கொடுப்பேன். ஊர்க் கவுண்டர் குமாரசாமி கையில் அவர் அதைக் கொடுக்கும்போது, அவரே பூமிக்குள் புகுந்து தோண்டி எடுத்து வந்த மாதிரி இருக்கும்.

மேட்டூரில் அணைக்கட்டு எழும்பிக்கொண்டிருந்த வருஷம். என் தங்கச்சி ஆத்தாயியின் வீட்டுக்காரர் தங்கசாமிக்கு அங்கே கல் உடைக்கிற மிஷினில் வேலை. தகரக் கொட்டகையில் குடித்தனம். ஆத்தாயிக்கு இரண்டு பிரசவம் நடந்து இரண்டு பிள்ளையும் அழாமலே போய்விட்டன. மூன்றாவது தரம் நிறைமாசமாக இருந்தாள். எங்கள் அம்மா இல்லாததால் அவளுக்குத் தாய்வீடு நான்தான். இங்கே கூட்டி வரலாமென்றால், அணைக்கட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "இந்தப் பொண்ணை வண்டியில ஏத்திக் குலுக்குனீங்கன்னா நான் பொறுப்பில்லை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஆகவே தாய்வீடு எழுந்து மேட்டூருக்கு நடக்க வேண்டியதாயிற்று.

நடுவில் நோம்பி வந்து நின்றது. பூச்சாட்டு ஆகிவிட்டால் ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு நோம்பி முடிகிற வரைக்கும் ஊருக்குள் இருப்பவர்கள் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. ஒரம்பரைக்கு வந்த விருந்தாளிகள் மாட்டிக்கொண்டாலும் அதே கதிதான். பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டோடு உள்ளே வரவும் கூடாது. ஆகவே நான் பூச்சாட்டுக்கு முன்னால் கிளம்ப வேண்டும். கிளம்பினால் நோம்பி முடிந்துதான் திரும்ப முடியும். ஊரே விருந்து சாப்பிடுகிற பதினைந்து நாளும் என் வீட்டில் நான் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நோம்பிக்கு நீ இல்லாட்டி மாவெளக்கு?"

"செல்லி எடுப்பாளுங்க." செல்லியம்மாள் என் பெரிய பெண். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள்.

"மாவு இடிக்கறது?"

"நீங்க."

"ஒரம்பரைக்குச் சோறு?"

"அதும் நீங்கதானுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டு, "உன்ற தங்கச்சி நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும். நீ போ. ஊடு அதும்பாட்டுக்கு நடக்கும்" என்றார்.

'நீ போ' என்றது இனித்தது. 'அதும்பாட்டுக்கு' என்றது குத்தியது.

செல்லி வந்து, "அம்மா, எது எது எங்கே இருக்குதுன்னு எல்லாத்தையும் நான் எழுதி வெச்சுரட்டா?" என்றாள்.

"எழுதி வெச்சா அந்தக் காயிதம் எங்கேன்னு என்னைத்தான் கேப்பாரு, சாமி."

ஆகவே வேறு ஒரு வழி பண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கயிற்றுக் கட்டிலை வாசல் வேப்பமரத்தடியில் போட்டு, அதில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "பொழுது சாயற வரைக்கும் நான் மேட்டூர்ல இருக்கறேன். ஒருத்தரும் என்னைக் கூப்பிடப்படாது. பாக்கலாம் ஊடு எப்பிடி நடக்குதுன்னு."

என் சின்னவள் பொன்னாயிக்கு நாலு வயசு. கட்டிலைச் சுற்றி வந்து பார்த்து, "இதா மேட்டூரு?" என்றாள்.

"ஆமா சாமி."

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் சொம்போடு வந்தார். "கண்ணாத்தா, எருமை ஒதைக்குது."

நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஐயா, அம்மா மேட்டூர்ல இருக்குது. இங்கிருந்து கத்துனா கேக்காது" என்றாள் செல்லி.

எங்கள் எருமை கருப்பாயி என்னைத் தவிர யாருக்கும் பால் சுரக்காது. நான் போய் முதுகைத் தட்டி, "ஏண்டி ஆத்தா" என்று சொன்னால்தான் இறக்கும். இதை ஊருக்குள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவள்தான் நான். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்தபடி அது கத்துவதைக் கேட்டபோது என் கை இரண்டும் தன்னால் தட்டிக்கொண்டிருந்தன. அடக்கித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பிறகு அடுப்பு அணைந்தது. களி கிண்டிய வாடை வந்தது. உடனே அடிப்பிடித்த வாடையும் வந்தது. பொன்னாயியின் பாவாடை எங்கே என்று அப்பனும் மகளும் பெட்டியைக் கவிழ்க்கிற சத்தம். அது கொடியில் தொங்கியது. எனக்குக் கட்டிலிலிருந்தே தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். உச்சி வரைக்கும் தாக்குப் பிடித்தேன். சாமி சத்தியமாகப் பிடித்தேன்.

அப்புறம் அவர் அரிவாளோடு வெளியே வந்தார். குழம்புக்குக் காய் தேடுகிறார். கூரை ஓரத்தில் நான் விதைக்காக முற்றவிட்டிருந்த ஒரே ஒரு சுரைக்காயை அண்ணாந்து பார்த்தார். அரிவாளை ஓங்கினார்.

"அய்யய்யோ, அது வெதைங்க!"

மரத்திலிருந்த காக்கை பறந்தது. அவர் அரிவாளைத் தாழ்த்தி, காதில் கையை வைத்துக்கொண்டு, வடமேற்குப் பக்கமாகத் திரும்பினார்.

"செல்லி, மேட்டூர்லிருந்து ஆரோ கூப்புட்ட மாதிரி இல்ல?"

என் பந்தயத்தில் நானே தோற்றேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று ராத்திரி கருகிய களியை மூன்று பேரும் என் முன்னால் உட்கார்ந்து மூச்சு விடாமல் தின்று முடித்தார்கள். செத்துவிடவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. பூச்சாட்டு அதற்கடுத்த செவ்வாய். துணி முடிச்சு, ஆத்தாயிக்குப் பிரசவ மருந்து, பழைய வேட்டிகள் எல்லாம் தயார்.

அதற்கு முன்னால் வந்த செவ்வாய்க்கிழமையே என் நங்கை பழனியம்மாள் வந்துவிட்டார். வீட்டுக்காரரின் அக்காள். இரண்டு ஊர் தள்ளி வாழ்க்கைப்பட்டவர். ஒற்றை மாட்டு வண்டியிலிருந்து இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"ஏ புள்ள கண்ணாத்தா, நெசந்தானா? நோம்பி சாட்டற நேரத்துல ஊட்டுப் பொம்பளை ஊட்ட உட்டுட்டுப் போறதாமா? அங்க எங்களுக்குக் காது கூசுது."

"தங்கச்சிக்குப் பேறு காலமுங்க, நங்கையா."

"பேறு காலமில்லாத பொம்பளை ஒலகத்துல ஆரு? நானெல்லாம் காட்டுல களையெடுத்துட்டு வந்து பெத்துப் போட்டவ. என்ற தம்பி பால் கறப்பானா? சோறு ஆக்குவானா? சிரிக்காதா ஊரு?"

"சிரிக்கட்டுமுங்க. சிரிச்சா நல்லதுதான்."

"வாயப் பாரு. ஆம்பளைக்கு என்னம்மா தெரியும்? உப்பு எங்கிருக்குதுன்னு தெரியுமா அவனுக்கு?"

"தெரியாதுங்க. அதுக்குத்தான் போறேன்."

நங்கையின் வண்டிக்காரர் அங்கமுத்து மாட்டை அவிழ்க்காமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "ஆத்தா, ஒரு சேதி..." என்பார். நங்கை, "இருடா, பேசிட்டிருக்கறமில்ல" என்பார். மறுபடி "ஆத்தா..." என்பார். "இருங்கறேன்."

நங்கை விரலை நீட்டி, "நான் சொல்றதக் கேளு, இந்த ஊட்டுக்கு..." என்று ஆரம்பித்தபோது தெருக்கோடியில் தண்டோரா சத்தம் கேட்டது. பக்கத்து ஊரில் அம்மை கண்டிருக்கிறதாம். அடுத்த செவ்வாய் வரைக்கும் பொறுக்க வேண்டாமென்று ஊர் கூடி முடிவு. இன்றைக்கு அந்தியிலேயே பூச்சாட்டு. பொழுது இறங்கினால் எல்லை கட்டிவிடுவார்கள்.

நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. நங்கை முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது எனக்குத் தெரிந்தது. என் முகத்திலும் தினம் ஓடுவதுதான் அது.

"இன்னைக்கேவா? அப்போ நான்? நோம்பி முடியற வரைக்கும் இங்கயா?" கையை உதறினார். "அய்யோ, ஊட்ல போட்டது போட்டபடி கெடக்குது. மருமவளுக்கு மசக்கை, ஒண்ணும் திங்க மாட்டேங்கறா. பருத்திக்கொட்டை ஊற வெச்சது அப்பிடியே இருக்குது. பெரியவரு மருந்த நான் எடுத்துக் குடுத்தாத்தான் குடிப்பாரு. அடைக்கோழி வேற... டேய் அங்கமுத்து, வண்டியத் திருப்புடா!"

"திருப்பறனுங்க ஆத்தா. அந்தச் சேதி என்னன்னா..."

"சொல்லித் தொலையேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"காத்தால ஆட்டையாம்பட்டி பஸ்காரர் சொன்னாருங்க. மேட்டூர்க்காரரு சொல்லியனுப்பினாராம். இந்த அம்மா தங்கச்சிக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சாம். ஆஸ்பத்திரியிலயே படுக்க வெச்சுட்டாங்களாம். அக்காவ உடனே வரச் சொல்லுன்னாராம்."

முந்தின இரண்டு தரமும் அவளுக்குக் கால்தான் முதலில் வீங்கியது.

நங்கை என்னைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் எனக்கு வேதம் ஓதியவர், என் துணி முடிச்சைத் தானே தூக்கி வண்டியில் எறிந்தார்.

"என்ன மரமாட்டம் நிக்கற? ஏறு! கடைசி பஸ்ஸப் புடிச்சுரலாம்."

வீட்டுக்காரர் கம்பத்துக்குக் கிளை வெட்டப் போன ஆட்களோடு போயிருந்தார். செல்லியிடம் சொன்னேன். என்னென்னவோ சொன்னேன். பாதியில் அவள், "நீ போம்மா. ஞாயித்துக்கெழமை பாத்தமில்ல" என்றாள். பொன்னாயி வாசலில் நின்று, "மேட்டூருக்கா போற?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "செரி" என்றாள். அழவில்லை. நான்தான் வண்டிக்குள் குனிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

எல்லைப் புளியமரம் கண்ணுக்குத் தெரிந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"கண்ணாத்தா! ஏ, கண்ணாத்தா!"

துண்டு ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கமாக ஓடி வந்தார். வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்லி சொன்னா. நல்லதாச்சு, கெளம்பிட்டே... மஞ்சள்... காப்பு மஞ்சள் எங்கே?"

அடுத்த செவ்வாய்க்குத்தானே என்று நான் அதை எடுத்து வெளியே வைக்கவே இல்லை. இத்தனை நினைவு வைத்திருந்தவள் இதைக் கோட்டை விட்டேன்.

"ஊடு பூராப் பாத்துட்டேன். கவுண்டர் ஆள் மேல ஆள் உடறாரு. மஞ்சள் இல்லாம கம்பம் நட முடியாதே. நீ வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போயிரு. சித்த நேரந்தான்."

எங்கள் வீட்டில் 'சித்த நேரம்' என்று ஒன்று கிடையாது. உள்ளே போனால் பொன்னாயி காலைக் கட்டிக்கொள்வாள், கருப்பாயி கத்தும், யாராவது எதையாவது கேட்பார்கள், கேட்டால் நான் செய்வேன். பஸ் போய்விடும். பொழுது இறங்கிவிடும். எல்லை கட்டிவிடுவார்கள். அங்கே ஆத்தாயி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

அதற்காக மஞ்சளை விடவும் முடியாது. பக்கத்து ஊர் வரைக்கும் அம்மை வந்து நிற்கிறது. காப்பு கட்டாமல் நின்று, நாளைக்கு ஒரு குழந்தைக்கு முத்து போட்டால் ஊர் யாரைச் சொல்லும்? ஊர் கிடக்கட்டும், எனக்கே ஆறாது.

இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்கு முன்னால் என் வலது கால் வண்டியை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. என்னைக் கேட்கவேயில்லை. பழகின கால்.

நங்கை என் மணிக்கட்டைப் பிடித்தார். களையெடுத்த கை, வளையல் நெரிந்தது.

"எறங்காத. எறங்குனே, அவ்வளவுதான். நான் எறங்கி எறங்கித்தான் எங்கம்மா சாவுக்குக்கூட நேரத்துல போய்ச் சேரல." பிறகு தம்பியைப் பார்த்து, "டேய் அப்புசாமி! அவ வாயில சொல்லுவா. நீ காதுல கேளு. ரண்டும் ஆண்டவன் குடுத்ததுதான?"

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். "அங்கமுத்தண்ணா, வண்டிய ஓட்டுங்க."

வண்டி புளியமரத்தைத் தாண்டி நின்றது. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"கம்புக் குதிருங்க. அடுப்புக்குப் பக்கத்துக் குதிரு இல்ல, சுவரோரத்துக் குதிரு. மூடியத் தொறந்து முழங்கை வரைக்கும் கம்புக்குள்ள கைய உடுங்க. செவப்புத் துணி முடிச்சு."

"அடுப்புக்குப் பக்கத்துல..."

"சுவரோரம்."

"சுவரோரத்துக் குதிரு. கம்புக்குள்ள. செவப்புத் துணி."

"கைய உடோணும். மேலால பாத்துட்டு இல்லைன்னு சொல்லப்படாது."

"கைய உடறேன்" என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "பொறகு அந்தத் தயிருக்கு..." என்று ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். உறை மோர் எந்த உறியில், எந்தக் கலயத்தில், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, கேள்வியை அப்படியே முழுங்கினார். முழுங்குவது தொண்டையில் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல. நான் பாத்துக்கறேன். ஆத்தாயியப் பாரு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். பிறகு ஓடினார்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. கம்பத்துக்குக் காப்பு கட்டினதும் பறை அடிப்பார்கள்; இரண்டு பேரும் காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு வந்தோம். சுவரோரத்துக் குதிர், சுவரோரத்துக் குதிர் என்று என் வாய் முணுமுணுத்தது. வழியில் ஒரு பனங்காடு தாண்டினோம். ஒரு வறண்ட ஓடை தாண்டினோம். ஒன்றும் கேட்கவில்லை. அவர் இந்நேரம் அடுப்புக்குப் பக்கத்துக் குதிரைக் கவிழ்த்திருப்பார் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டேன். "அண்ணா, சித்த வண்டிய..." என்று நான் வாயெடுத்தேன்.

ஊர்ப் பக்கமிருந்து பறை அதிர்ந்தது. முதலில் ஒற்றையாக, பிறகு எல்லாமாகச் சேர்ந்து.

நங்கை என் தொடையில் ஓங்கி அறைந்தார். "கண்டுபுடிச்சுட்டான்டி! என்ற தம்பி கண்டுபுடிச்சுட்டான்!"

கும்பினிக்காரன் தங்கம் தோண்டி எடுத்திருந்தாலும் அப்படிக் கூவியிருக்க மாட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டும் மூக்கு வழியாகவே போயின.

பஸ் கிடைத்தது. சேலத்தில் ஸ்டேஷனிலேயே படுத்துக் கிடந்து, காலையில் அணைக்கட்டு ரயிலைப் பிடித்தேன். ஆத்தாயி என்னைப் பார்த்ததும், "வந்துட்டயாக்கா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்குத்தான் சரியாகத் தூங்கினாள் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வாரத்திலேயே பிள்ளை பிறந்தது. பெண். பிறந்ததும் அழுதது. ஆஸ்பத்திரியே எழுந்து உட்காருகிற மாதிரி அழுதது. அதன் அப்பன் மிஷின் சத்தத்துக்குப் பழகியவர். அவரே காதைப் பொத்திக்கொண்டார். நாங்கள் அக்காளும் தங்கச்சியும் அந்தச் சத்தத்தைப் போதும் போதுமென்று கேட்டோம்.

ஆஸ்பத்திரியில் எனக்கென்று ஒரு வேலையும் கிடையாது. கை காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்தேன். இரண்டாம் நாளே பக்கத்துக் கட்டில்காரி, "அக்கா, என்ற துணி மூட்டை எங்கே?" என்றாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்திருந்தது.

நோம்பி முடிந்து, கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட சேதி வந்த பிறகுதான் ஊர் திரும்பினேன். எல்லைப் புளியமரத்தில் வேப்பிலை சருகாகத் தொங்கியது. ஊரில் யாருக்கும் அம்மை இல்லை. வழியில் பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியும் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சேதி சொன்னாள். உன் வீட்டுக்காரர் மாவு இடித்தாராம். உலக்கை காலில் விழுந்ததாம். நொண்டிக்கொண்டே போய், மாவிளக்கு எடுத்த மகள் பின்னால் நின்றாராம். ஒரம்பரைக்கு ஆக்கிய குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்ததாம்; வந்தவர்கள் தண்ணீர் குடித்தே வயிறு நிறைந்து போனார்களாம். சிரிக்கட்டும் என்று நான்தானே சொன்னேன்.

வாசலில் வேப்பமரத்தடிக் கட்டில் போட்டபடியே கிடந்தது. பொன்னாயி அதில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். என் பழைய ரவிக்கை ஒன்று கைக்குள் இருந்தது.

"தெனமும் இங்கதான் படுக்கறா. மேட்டூர்ல தூங்கறாளாம்" என்றாள் செல்லி. "எடுத்து உள்ள போட்டா அழுவறா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நானும் மேட்டூரில் இருந்தேன்.

கட்டுத்தரையில் என் கண்டாங்கிச் சேலையை முக்காடிட்டுக்கொண்டு ஒரு உருவம் கருப்பாயியிடம் பால் கறந்துகொண்டிருந்தது. சேலைக்கு அடியில் மீசை. "ஏண்டி ஆத்தா" என்று என் குரல் மாதிரியே கொஞ்சிக் கறந்தது. சொம்பில் நுரை ததும்பியது.

"வாசத்துல ஏமாந்துருச்சு" என்றார், முக்காட்டை எடுக்காமலே. "பொண்ணு எப்பிடி இருக்குது?"

"தொண்ட உங்க அக்காளாட்டம் இருக்குதுங்க."

சிரித்தார். எருமை திரும்பிப் பார்த்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நான் உள்ளே போனேன். என் வீடா இது என்று இருந்தது. உறி இடம் மாறியிருந்தது. மிளகாய்க் கலயம் அரிவாள்மணை இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. சோற்று வட்டல்களெல்லாம் அவர் கைக்கு எட்டும் உயரத்துக்கு ஏறியிருந்தன. சோறு ஆக்கலாமென்று உப்பைத் தேடினேன். மூலையெல்லாம் தேடினேன். காணோம். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டறியாத கேள்வியை என் வாயால் கேட்டேன்.

"ஏனுங்க, உப்பு எங்கே?"

கட்டுத்தரையிலிருந்து பதில் வந்தது.

"உன்ற மூக்குக்கு முன்னால!"

அடுப்பு மேடைக்கு மேலே, புதிதாக ஒரு பலகை அடித்து, அதன்மேல் இருந்தது. அடுப்பில் வேலை செய்கிறவர் கைக்கு அதுதான் சரியான இடம். இத்தனை வருஷம் நான் மூன்றடி எட்டி நடந்து உப்பு எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பழையபடி இறக்கி வைக்க என் கை பரபரத்தது. பிடித்துக்கொண்டேன், தொடைக்குக் கீழே வைக்காத குறைதான்.

அவர் பால் சொம்போடு வந்து படியில் நின்றார். சேலை இன்னும் தோளில் கிடந்தது.

"அரப்பு தீந்து போச்சு. நாளைக்கு எல பறிச்சுக் காயப் போடோணும்" என்றார்.

நான் கூடையை எடுக்கப் போனேன். பாதியில் நின்றேன்.

"பறிங்க" என்றேன்.